அரை இஞ்சி போல்ட்டும் கிடப்பில் போன இயந்திரமும்

வெங்காயச் செய்கை நடக்கும் ஒரு கிராமத்துக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அங்கே ஒரு கிணற்றடியில் பழைய டீசல் இயந்திரம் ஒன்று தறப்பாளால் மூடியபடி கிடந்தது. அடுத்த தோட்டக்காரரின் சிறிய யப்பானிய இயந்திரம் மணிக்கணக்கு வாடகையில் வந்து இறைத்துக்கொண்டிருந்தது. பழைய இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தோம். "மெசினிலை ஒரு குறையும் இல்லை, ஐயா. ஒரு போல்ட்டாலை வந்த வினை" என்றார் தோட்டக்காரர்.

நடந்தது இதுதான். இயந்திரத்தையும் பம்பையும் சேர்த்துத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தில், பம்பை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் ஒன்று துருப்பிடித்து முறிந்துவிட்டது. மகன் முறிந்த துண்டை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். முதற் கடையில் 12 மில்லிமீற்றர் போல்ட் கொடுத்தார்கள். துளைக்குள் அது கடகடவென்று ஆடியது. இரண்டாவது கடையில், "இது அரை இஞ்சி" என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தார்கள். தடிப்புச் சரி, நீளம் சரி, மரையும் கண்ணுக்கு அதே மாதிரி. கையால் மூன்று சுற்று இலகுவாகச் சுற்றியது. நாலாவது சுற்றில் இறுகியது. உள்ளே துரு இருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டார்கள். பிறகு ஸ்பனரின் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கி, இரண்டு பேர் சேர்ந்து முறுக்கினார்கள். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் முறியவில்லை; சட்டத்தின் காதுதான் வெடித்தது.

வெங்காயம் குமிழ் கட்டுகிற நேரம். ஒன்பது நாள் ஒழுங்கான இறைப்பு இல்லை. அதற்குப் பின்னர் வாடகை இயந்திரம். பழைய இரும்பு எடுப்பவர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுப் போயிருந்தார். அவருக்கு எல்லாம் கிலோக் கணக்கு.

முறிந்த துண்டையும் புதிய போல்ட்டையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தோம். பழைய துண்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரை. புதியதில் 13 மரை. இரண்டும் அரை அங்குலத் தடிப்புத்தான். ஒன்று பிரித்தானியாவின் பழைய விற்வேர்த் மரை, மற்றது அமெரிக்க வழியில் வந்த யுனிபைட் மரை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தோட்டக்காரரின் மகனும் கவனயீனமாக நடக்கவில்லை. "அரை இஞ்சி" என்ற சொல் ஒன்றே போதும் என்று இருவரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

கிராமப்புறங்களில் கிடப்பில் போடப்படுகின்ற பழைய இயந்திரங்களுள் ஒரு பகுதி தேய்ந்து கெட்டவை அல்ல, இப்படிப் பொருந்தாத ஆணியை வலிந்து முறுக்கியதால் கெட்டவை என்பதே எமது கருத்து. இயந்திரத்துக்கு முதல் மறைந்து போனது அதனுடைய மரையைப் பற்றிய அறிவு. அந்த அறிவைத் திரும்பப் பெறுவதற்குப் பெரிய செலவில்லை. புதிய இயந்திரம் வாங்குவதற்கோ பெரிய செலவு. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, இறக்குமதி இயந்திரங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த மரைக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட் மற்றப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஆணி முறிந்தால் இயந்திரம் செய்தவரிடமே திரும்பிப் போகவேண்டும். மான்செஸ்டரில் பட்டறை நடத்திய ஜோசப் விற்வேர்த் என்பவர் பல பட்டறைகளின் ஆணிகளைச் சேகரித்து அளந்து, அவற்றுக்கு நடுவான ஓர் அளவைத் தெரிந்தெடுத்து, 1841இல் அதனைப் பொது முறையாக முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் வட்டமாக மழுங்கியவை. ஒவ்வொரு தடிப்புக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு நிரை. கால் அங்குலத்துக்கு 20, 5/16க்கு 18, 3/8க்கு 16, அரை அங்குலத்துக்கு 12, முக்காலுக்கு 10, ஓர் அங்குலத்துக்கு 8. பி.எஸ்.டபிள்யூ. என்று பட்டியல்களில் வருவது இதுதான்.

அதிரும் இயந்திரங்களுக்கு இந்த மரை பருமன் என்று கண்டு, அதே 55 பாகையில் நெருக்கமான மரை ஒன்றை 1908இல் கொண்டுவந்தார்கள். அது பி.எஸ்.எஃப். அதில் கால் அங்குலத்துக்கு 26 மரை, 3/8க்கு 20, அரைக்கு 16. மின்சாரக் கருவிகள், மானிகள், ரேடியோக்கள் போன்ற சிறு வேலைகளுக்கு 1884இலேயே பி.ஏ. என்றொரு முறை வந்திருந்தது. அதன் கோணம் 47½ பாகை; பெயர் பிரித்தானியம், அளவு மில்லிமீற்றர்! சைக்கிளுக்கு இன்னொரு மரை. ஒழுங்கு செய்யப் புறப்பட்டவர்களே நாலைந்து ஒழுங்குகளை உண்டாக்கி விட்டார்கள்.

அமெரிக்கர் 60 பாகையில் தம் வழியே போனார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இரு நாட்டாரும் ஒரே பக்கம் நின்று போரிட்டபோது இதன் இடைஞ்சல் தெரிந்தது. மேர்லின் என்ற பிரித்தானிய விமான இயந்திரத்தைத் தயாரிக்க ஒப்புக்கொண்ட அமெரிக்காவின் பக்கார்ட் கொம்பனி, அதற்கான பிரித்தானிய மரைகளை வெட்டும் டாப்புகள் தம் நாட்டில் கிடைக்காமையால் அவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் யுனிபைட் மரைக்கு உடன்பட்டன. 1965இல் பிரித்தானிய நியம நிறுவனம் விற்வேர்த், பி.எஸ்.எஃப்., பி.ஏ. மூன்றையும் வழக்கொழியும் மரைகள் என்று அறிவித்து, புதிய வேலைகளுக்கு மெற்றிக் மரையை முதற் தெரிவாக்கியது.

அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்னர் கப்பலேறி இலங்கைக்கு வந்து இறங்கியவை திரும்பிப் போகவில்லை. மலையகத் தொழிற்சாலைகளில் கெயின்ஸ்பரோ மார்ஷல் கொம்பனியின் தேயிலை உருட்டும் இயந்திரங்களும், பெல்பாஸ்ற் டேவிட்சன் கொம்பனியின் சிறோக்கோ உலர்த்திகளும் இருந்தன. டேர்ஸ்லி என்ற சிறு பட்டணத்தில் செய்த லிஸ்ரர் இயந்திரங்கள் அரிசி ஆலைகளையும் கிணறுகளையும் நடத்தின. நிமிடத்துக்கு 600, 650 சுற்று மட்டுமே ஓடும் அந்த மெதுவான லிஸ்ரர் டீசல் இயந்திரம் 1980கள் வரைக்கும் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் படியெடுப்புகள் இந்தியாவின் ராஜ்கோட்டில் ஏராளமாக வார்க்கப்பட்டன. 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த மசி பெர்கியூசன் உழவு இயந்திரங்களில் பெரும்பாலும் யுனிபைட் மரை. அதன் பின்னர் யப்பானிய இயந்திரங்களோடு மெற்றிக். இன்று ஒரு கமக்காரரின் கொட்டிலில் இவை எல்லாமே இருக்கலாம். அவற்றிலிருந்து கழற்றிய ஆணிகள் எல்லாம் ஒரே பால்மாப் பேணிக்குள்ளும் இருக்கலாம். விற்வேர்த்துக்கு முந்திய இங்கிலாந்தின் நிலைமை இப்போது அந்தப் பேணிக்குள் இருக்கிறது.

பேணிக்குள் எவையெவை ஒன்றையொன்று ஏமாற்றும் என்பதை அறிந்திருப்பது நல்லது. கால், 5/16, 3/8 ஆகிய அளவுகளில் விற்வேர்த்துக்கும் யுனிபைட் பருமன் மரைக்கும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கை. கோணம் வேறானாலும் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். வேலிப் படலைக்கு, கதவுக்கு, தகரத்துக்கு அது போதும். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அரை அங்குலத்துக்கு வரும்போதுதான் மனிதர் ஏமாறுகிறார்கள். அங்கே மட்டும் 12க்கு எதிரே 13. மேற்சொன்ன தோட்டக்காரர் விழுந்த குழி அதுவே. 5/16 அங்குலமும் 8 மில்லிமீற்றரும் இன்னொரு சோடி. 5/16 என்பது 7.94 மில்லிமீற்றர், விரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விற்வேர்த்தில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.41 மில்லிமீற்றர், மெற்றிக்கில் 1.25. இரண்டு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். பழைய மின்சாரப் பலகைகளில் உள்ள 2 பி.ஏ. ஆணிக்குப் பதிலாக 5 மில்லிமீற்றர் ஆணியைத் திணிப்பவர்களும் உண்டு. பித்தளை மரை அறுந்து, கம்பி தளர்ந்து, அந்த இடம் சூடேறும். இது வெங்காயம் வாடுவதை விடப் பொல்லாத விஷயம்.

ஸ்பனரைப் பற்றியும் சொல்லவேண்டும். மெற்றிக் ஸ்பனரில் 13 என்று இருந்தால், அது பிடிக்கும் தலையின் அகலம் 13 மில்லிமீற்றர். விற்வேர்த் ஸ்பனரில் 1/4 என்று இருந்தால், அது தலையின் அளவு அல்ல. அந்த ஆணியின் தடிப்பு. அதன் வாய் அரை அங்குலத்துக்கும் சற்று மேல், 0.525 அங்குலம். மில்லிமீற்றரில் 13.3. ஆகவே 13 ஸ்பனர் உள்ளே போகாது, 14 ஸ்பனர் ஆடும். ஆடுகிற ஸ்பனரால் முறுக்கி முறுக்கி ஆறு மூலையும் மழுங்கிய தலைகளை எத்தனை இயந்திரங்களில் பார்த்திருக்கிறோம்! மூலை மழுங்கியதும் உளியும் சுத்தியலும் வரும். 3/8 விற்வேர்த் தலைக்கு 18 மில்லிமீற்றர் ஸ்பனரும், 7/16 தலைக்கு 21 ஸ்பனரும் ஓரளவு சரியாக அமரும் என்பது ஒரு சிறு ஆறுதல். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரும்பை மிச்சம் பிடிப்பதற்காக விற்வேர்த் ஆணிகளின் தலையை ஓர் அளவு சிறிதாக்கினார்கள். ஆகவே ஒரே மரைக்கு இரண்டு அளவுத் தலைகள் கிடைக்கும். தலையைப் பார்த்து மரையைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

விற்வேர்த் மரை செத்துவிட்டது என்று நினைக்கும் இளைஞர்களை நாம் முதலில் அழைத்துச் செல்வது தண்ணீர்க் குழாயடிக்குத்தான். வீட்டுக் குழாயில், தாங்கியில், பிளாஸ்ரிக் இணைப்புகளில் இன்றைக்கும் புதிதாக வெட்டப்படுவது பி.எஸ்.பி. எனப்படும் பிரித்தானியக் குழாய் மரையே. அதே 55 பாகை, அதே வட்ட முகடு. உலகின் பெரும் பகுதி மெற்றிக்குக்கு மாறிய பிறகும் குழாயில் மட்டும் விற்வேர்த் உட்கார்ந்திருக்கிறார். அரை இஞ்சிக் குழாயின் மரையை அளந்து பாருங்கள்: வெளி விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர் வரும். அரை இஞ்சி என்பது முற்காலத்து இரும்புக் குழாயின் உட்துளை அளவு. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. அரை, முக்கால் குழாய்களுக்கு அங்குலத்துக்கு 14 மரை; ஓர் இஞ்சியும் அதற்கு மேற்பட்டவையும் 11 மரை. அமெரிக்கக் குழாய் மரையிலும் அரைக்கும் முக்காலுக்கும் 14 தான், ஆனால் 60 பாகை. அமெரிக்க மரையுள்ள பம்பை எமது குழாயில் பூட்டினால் இறுகினது போல இருக்கும், ஒழுகிக்கொண்டும் இருக்கும். எவ்வளவு நாடா சுற்றினாலும் அந்த ஒழுக்கு முழுதாக நிற்பது அரிது.

குழாய்க்கிணறுகளில் பூட்டப்படும் இந்தியா மார்க் 2 கைப்பம்பு நல்ல உதாரணம். கீழே இறங்கும் குழாய்க்கு 32 மில்லிமீற்றர் என்று பெயர். அதன் மரையோ ஒன்றேகால் இஞ்சி பி.எஸ்.பி., அங்குலத்துக்கு 11. குழாய்க்குள் ஏறி இறங்கும் 12 மில்லிமீற்றர்க் கம்பியில் இருப்பது மெற்றிக் மரை. ஒரே பம்பில் இரண்டு உலகம். அதைப் பராமரிக்கும் கிராமத்தவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிளை மறந்துவிடக் கூடாது. றலி சைக்கிள் இன்னும் ஓடும் வீடுகள் பல. மிதி அச்சைத் தாங்கும் இரு கிண்ணங்களுக்கும் மற்றச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 மரை வழக்கம். பழைய நொட்டிங்காம் றலியில் 26. புதிய கிண்ணத்தை வலிந்து திருகினால் சட்டத்தின் மரை அறுந்துவிடும், அந்தச் சட்டத்தை மீட்பது கஷ்டம். வலது பக்கக் கிண்ணத்தின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றுவது என்பதையும் அறியாமல், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போன ஒருவரை நாம் பார்த்திருக்கிறோம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முன்னொரு காலத்தில் நாமும் அதையே செய்தோம்.

மரையை அறிவதற்கு ஒரு சிறு உபகரணம் இருக்கிறது. பேனாக் கத்தி போல மடிந்திருக்கும் பல இதழ்கள். ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் ஒவ்வொரு மரையின் பல். அதை மரைக் கேஜ் என்பார்கள். வாங்கும்போது 55 பாகையும் 60 பாகையும் மெற்றிக்கும் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். ஆணியின் மீது இதழை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், பொருந்திய இதழுக்கும் மரைக்கும் இடையே வெளிச்சம் வராது. தடிப்பை வேணியர் இடுக்கிமானியால் அளந்தால் மீதியும் தெரிந்துவிடும். இவை இல்லாத இடத்திலும் வழி இருக்கிறது. அடிமட்டத்தை ஆணியோடு சேர்த்து வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை முகடு என்று எண்ணலாம். ஆணி குட்டையானால் அரை அங்குலத்துக்கு எண்ணி இரட்டிக்கலாம். இரும்பு அரியும் வாள் அலகுகள் அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று வருகின்றன. 18 பல் அலகு 5/16 விற்வேர்த்தின் மரைக்குள் அமர்ந்துவிடும். தெரிந்த ஆணி ஒன்றைத் தெரியாத ஆணியோடு பக்கம் பக்கமாக வைத்து மரைக்குள் மரை விழுகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் எளிது. தச்சர் கணக்கில் ஓர் அங்குலம் எட்டு நூல். ஆதலால் "நாலு நூல் ஆணி" என்று தடிப்பை மட்டும் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. தடிப்போடு மரை எண்ணிக்கையையும் சேர்த்து, "அரை, பன்னிரண்டு" என்று கேட்கப் பழகினால் கடைக்காரருக்கும் நல்லது.

சரி, மரை தெரிந்தது, ஆணி எங்கே? விற்வேர்த் ஆணிகள் இந்தியாவில் நெடுங்காலம் செய்யப்பட்டமையால் எமது இரும்புக் கடைகளின் பின் அறைகளில் இன்னும் அவை அகப்படுவதுண்டு. பி.எஸ்.எஃப். அகப்படுவது அருமை. பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பேணுவோருக்காக இங்கிலாந்தில் இவற்றைச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் சொக்கலேற்றுக்குப் பதிலாக ஒரு பெட்டி ஆணி அனுப்பச் சொல்லலாம். எம்மிடம் வேறொரு சுரங்கமும் இருக்கிறது, அது பழைய இரும்புக் குவியல். இயந்திரத்தை நிறுத்து விற்கும்போது அதன் ஆணிகளையும் சேர்த்தே நிறுத்து விடுகிறோம். விற்பதற்கு முன் ஒரு பிற்பகலைச் செலவு செய்து நல்ல ஆணிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, நட்டைப் பிரிக்காமல் அதனதன் போல்ட்டிலேயே பூட்டி, அளவு எழுதி வைக்கலாம். அந்த ஆணிகளுக்கு இரும்பு எடுப்பவர் கொடுப்பது சில ரூபாய்கள். அவற்றில் ஒன்று இல்லாத நாளில் நாம் இழப்பது எவ்வளவு என்று அந்த வெங்காயத் தோட்டக்காரர் சொல்வார்.

கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் செய்விக்கலாம். 1990இலிருந்து வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய வருடங்களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வராமல் நின்றபோது, கிணறுகளையும் ஆலைகளையும் ஓட வைத்தவர்களுள் கடைசல்காரருக்கு முதல் இடம் கொடுக்கவேண்டும். பழைய ஆங்கிலேயக் கடைசல் இயந்திரத்தின் நடத்தும் திருகே அங்குல மரையானது; விற்வேர்த் வெட்டுவது அதற்கு இயல்பான வேலை. மெற்றிக் இயந்திரத்தில் வெட்டுவதானால் 127 பல் சக்கரம் ஒன்று வேண்டும், ஏனெனில் ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், 127 அதன் ஐந்து மடங்கு. ஆனால் ஓர் எச்சரிக்கை. சட்டத்தை, மூடியை, குழாயைப் பிடிக்கும் ஆணிகளை இப்படிச் செய்விக்கலாம். இயந்திரத்துக்குள் சுழலும் அச்சையும் அதனோடு ஏறி இறங்கும் தண்டையும் பூட்டும் ஆணிகளை ஒருபோதும் சாதாரண இரும்பில் கடைந்து போடக் கூடாது. அவை உறுதியான உருக்கினால் ஆனவை. ஓடும்போது அவற்றில் ஒன்று அறுந்தால் இயந்திரம் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் போய்விடுவார்.

துளையின் மரை ஏற்கெனவே கெட்டிருந்தால், அதைப் பெருப்பித்து மெற்றிக் மரை வெட்டிவிடுவது பிழையா? எம்முள் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பழையதைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்பது நூதனசாலைக்குச் சரி. கிணற்றடிக்கு வேலை நடக்கவேண்டும். மாற்றுவதானால் முழுதாக மாற்றவேண்டும் என்பதே நாம் வந்து சேர்ந்த முடிவு. ஒரு மூடியில் ஆறு ஆணி இருக்க, ஒன்றை மட்டும் மெற்றிக்காக்கி மற்றவற்றை விற்வேர்த்தாக விட்டால், அடுத்த முறை கழற்றிப் பூட்டுபவர் நிச்சயம் மாறிப் போடுவார்.

பழைய இயந்திரங்களைக் கட்டி அழுவதேன், மின்சார மோட்டாரும் சூரிய சக்திப் பம்பும் வந்துவிட்டனவே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சுழல் அச்சு தேய்ந்து, எண்ணெய் குடித்து, புகை கக்கும் இயந்திரத்தை வைத்திருக்க நாமும் சொல்லவில்லை. அதை விற்பதுதான் புத்தி. ஆனால் நல்ல இயந்திரம் ஒன்றை ஒரு போல்ட்டுக்காக விற்றுவிட்டு, கடன்பட்டு மெல்லிய உலோகத்தில் செய்த புதியதை வாங்குவது அபிவிருத்தி ஆகாது. இன்னொன்று: இன்றைய புதியவையும் நாளை பழையவையாகும். மரையை எண்ணிப் பார்த்துப் பூட்டும் பழக்கம் இல்லாதவர் மெற்றிக்கிலும் இதே தவறைச் செய்வார். 10 மில்லிமீற்றரில் மட்டும் 1.5, 1.25, 1 என்று மூன்று மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

தொழிற்பயிற்சி முடித்து வந்த சில இளைஞர்களோடு பேசினோம். மெற்றிக் மரையில் அவர்கள் கெட்டிக்காரர். அங்குல மரை என்றால் எல்லாம் ஒன்று என்றே நினைத்திருந்தார்கள். ஒரு நாட் பாடம் போதும் இதைத் திருத்த. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கமக்கார அமைப்பிலும் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் ஒரு பொதுப் பெட்டி இருக்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம். மரைக் கேஜ் ஒன்று, இடுக்கிமானி ஒன்று, அதிகம் வேண்டிவரும் ஐந்தாறு விற்வேர்த், பி.எஸ்.எஃப். அளவுகளுக்கு டாப்பும் டையும், அளவு எழுதிய மாதிரி ஆணிகள் ஒரு பலகையில். தனி ஒருவர் வாங்கினால் வருடத்தில் இரண்டு நாள் பாவிப்பார்; ஊருக்குப் பொதுவாக இருந்தால் வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு உதவும். இரவல் கொடுக்கும்போது டாப்பை மட்டும் கொடுக்காமல் அதைப் பாவிக்கத் தெரிந்தவரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முறிந்த டாப்பைத் துளைக்குள்ளிருந்து எடுப்பது, முறிந்த போல்ட்டை எடுப்பதிலும் பெரிய சீவன் போகிற வேலை.

வெங்காயத் தோட்டக்காரரின் இயந்திரம் இப்போது ஓடுகிறது. சட்டத்தின் காதைச் சூடேற்றிப் பித்தளையால் ஒட்டி, துளையைப் பெருப்பித்து, அதற்குள் உருக்கில் ஒரு புஷ் கடைந்து திருகி, அதன் உள்ளே அரை இஞ்சிக்குப் பன்னிரண்டு மரை வெட்டிக் கொடுத்தார் அயலூர்க் கடைசல் பட்டறைப் பெரியவர். கடையில் வாங்கிய 13 மரைப் போல்ட்டை அவரிடம் காட்டியபோது, கண்ணாடியைக் கூடப் போடவில்லை; நகத்தால் ஒரு தரம் வருடிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கடை அரை இல்லை" என்றார்.

அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அவருடைய மரப்பெட்டியில் கால் இஞ்சியிலிருந்து ஓர் இஞ்சி வரை விற்வேர்த் டாப்புகளும் டைகளும், அதற்கு அடுத்த தட்டில் பி.எஸ்.எஃப். நிரையும், எண்ணெய் பூசிய கடதாசியில் சுற்றி இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில். சங்கத்துக்காக அந்தப் பெட்டியை வாங்கலாம் என்று நாம் இரண்டு முறை போய்ப் பேசினோம். விலை சொல்ல மாட்டேன் என்கிறார். பழக விருப்பமுள்ள ஒரு பெடியனை முதலில் கூட்டிக்கொண்டு வாங்கோ, பிறகு விலை பேசலாம் என்கிறார்.